செக்கானூரணியில் நின்றுபோன பிக்கப்பை இன்னொரு பிக்கப்பால் கட்டி இழுக்கலாமா?

உசிலை_பூவண்டி:
அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுல ரெண்டு பிக்கப் ஓடுது. ஒண்ணு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு, இன்னொண்ணு பரவை காய்கறி மார்க்கெட்டுக்கு. பரவை வண்டி நேத்து ராத்திரி இறக்கிட்டுத் திரும்பும்போது செக்கானூரணிக்கிட்ட கிளட்ச் போயிருச்சு. இன்ஜின் ஸ்டார்ட் ஆகுது, சத்தம் எல்லாம் சரியாத்தான் இருக்கு. கியர் போட்டு ரேஸ் குடுத்தா இன்ஜின் மட்டும் அலறுது, வண்டி நகரல. கருகின வாடை வேற. ஒரு டீக்கடை ஓரமா ஒதுக்கி நிப்பாட்டியிருக்கோம். காலி டிரே மட்டும்தான் உள்ள இருக்கு.

நாங்க வழக்கமா விடுற ஒர்க்‌ஷாப் நாகமலை புதுக்கோட்டையில. பத்து கிலோமீட்டர் பக்கம் வரும். ரெக்கவரி வண்டிக்காரர் சொன்ன வாடகை ஒரு வார டீசல் காசு. பூ வண்டி பொலேரோ பிக்கப், நல்லா இருக்கு, அதை வச்சு இழுத்துறலாம்னு சித்தப்பா மகன் சொல்றான். லோடு கட்டுற நைலான் கயிறு இருக்கு. எங்க கட்டணும், எம்புட்டு வேகத்துல போகணும், போலீஸ் பிடிப்பாங்களா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்கண்ணே.

மேலூர்_ஒர்க்‌ஷாப்:
தம்பி, இன்ஜின் ஓடுதுன்னா அதுவே உங்களுக்குப் பெரிய உதவி. டீசல் வண்டியில பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் குடுக்கிற பம்ப் இன்ஜின் சுத்தினாத்தான் சுத்தும். இன்ஜினை ஆஃப் பண்ணி இழுத்தா, பூஸ்டர்ல மிச்சம் இருக்கிற வேக்குவம் ரெண்டு மூணு மிதிக்குத்தான் வரும். அப்புறம் பெடல் இறுகிரும். ஏறி நின்னு மிதிச்சாலும் பாதி பிரேக்தான் கிடைக்கும். பவர் ஸ்டீரிங்கும் அப்படியே, வளைவுல ரெண்டு கையும் போட்டு மல்லுக்கட்டணும்.

உங்க வண்டியில போனது கிளட்ச் மட்டும். அதனால நியூட்ரல்ல போட்டு இன்ஜினை ஐடில்ல ஓட விட்டே இழுங்க. பிரேக், ஸ்டீரிங், லைட்டு, வைப்பர் எல்லாம் வழக்கம்போல இருக்கும். இன்னொரு நல்லதும் இருக்கு. பின் சக்கரம் சுத்தும்போது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸையும் பின் ஆக்ஸிலையும் இணைக்கிற நீளத் தண்டு) வழியா கியர்பாக்ஸ் மெயின் ஷாஃப்டும் சுத்துது. ஆனா நியூட்ரல்ல இன்ஜின் ஓடலைன்னா கீழ இருக்கிற லே ஷாஃப்ட் சும்மா நிக்கும். ஆயிலை மேல தெறிக்க விடுறது அதுதான். இன்ஜின் ஐடில்ல ஓடினா, கிளட்ச் பிளேட் தேஞ்சிருந்தாலும் நியூட்ரல்ல இருக்கிற கியரைச் சுத்துற அளவுக்குப் பிடிக்கும், ஆயில் போற இடத்துக்குப் போயிரும்.

ஒண்ணு மட்டும் கவனம். கிளட்ச் ஹவுசிங்குக்குள்ள இரும்பு உரசுற சத்தம் கேட்டாலோ, ஆயில் லைட் எரிஞ்சாலோ, ஹீட் முள்ளு ஏறினாலோ உடனே ஆஃப் பண்ணிருங்க. அந்த நிலைமையில கயிறு கட்டி இழுக்கிற பேச்சே வேணாம், ரெக்கவரி வண்டிதான்.

அந்த நைலான் கயிறையும் தொடாதீங்க. லோடு கட்டி லோடு கட்டி வெயில்ல வெந்த கயிறு அது. வெளியில முழுசா தெரியும், உள்ள நூல் நூலா உதிர்ந்திருக்கும். மீதி சாயங்காலம் எழுதுறேன், ஒரு வண்டி கீழே படுத்திருக்கேன்.

வாடிப்பட்டி_ஏஸ்:
எங்கிட்ட டாடா ஏஸ் இருக்கு, செக்கானூரணி பக்கம்தான் இன்னைக்கு வர்றேன். நான் இழுத்துத் தரட்டுமா தம்பி?

திருமங்கலம்_லாரி:
உங்க மனசுக்கு நன்றி. ஆனா வேணாம். சின்ன யானை அதோட வேலைக்கு நல்ல வண்டி. 2005-ல வந்த முதல் ஏஸுக்கு 702 சிசி, ரெண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். இப்ப வர்றதுல பவர் கூடியிருக்கலாம், ஆனா எடை பிக்கப்போட எடையில பாதிதான் தேறும். இழுக்கிறது கூட இழுத்துரும். நிப்பாட்டுறதுதான் சிக்கல். பின்னால வர்ற வண்டி கனமா இருந்தா இறக்கத்துல அது முன் வண்டியைத் தள்ளும், வளைவுல முன் வண்டியோட பின்பக்கத்தை ஓரமா இழுத்துப் போட்டுரும். இழுக்கிற வண்டி இழுபடுற வண்டிக்குச் சமமாவாவது இருக்கணும்.

கயிறு விஷயத்துல என் கருத்து: சங்கிலி போடுங்க. லாரி லைன்ல நாங்க சங்கிலிதான். அறுகாது, தேயாது.

மேலூர்_ஒர்க்‌ஷாப்:
அண்ணே, லாரிக்கு நீங்க சொல்றது சரி. பிக்கப்புக்கு நான் ஒத்துக்க மாட்டேன். சங்கிலிக்கு நெகிழ்வு கிடையாது. தொய்வு விழுந்து மறுபடி இறுகும்போது வர்ற வெட்டு அப்படியே ஹூக்குக்குப் போகும், ஹூக்கிலிருந்து சேஸிஸுக்குப் போகும். லாரி சேஸிஸ் தாங்கும். பிக்கப் முன் ஹூக்கைப் பிடிச்சிருக்கிற போல்ட்டு ரெண்டே ரெண்டு. அது கழண்டு பறந்தா முன் வண்டியோட பின்கண்ணாடிதான் அதுக்கு நேர்.

டோயிங் பெல்ட்னு பட்டையா விக்குது. ஆட்டோமொபைல் கடையில கேட்டா எடுத்துத் தருவாங்க. அதுல எத்தனை டன்னுன்னு தச்சிருக்கும். வண்டி எடையைப் போல ரெண்டு மூணு மடங்கு தாங்குறதா வாங்குங்க. ரெண்டு நுனியிலயும் கொக்கி இல்லாம டி-ஷாக்கிள் (முள் போட்டுப் பூட்டுற இரும்பு வளையம்) போடுறது நல்லது. தொய்வுல கொக்கி நழுவிரும், ஷாக்கிள் நழுவாது. முடிச்சு போட்டுக் கட்டாதீங்க, முடிச்சு விழுற இடத்துல பட்டையோட பலம் நல்லாவே குறைஞ்சிரும்.

கட்டுற இடம். பின்னால வர்ற வண்டியில முன்பக்கம் சேஸிஸ்ல இருக்கிற டோயிங் ஹூக், வேற எங்கயும் இல்லை. பம்பர்ல கட்டாதீங்க. டை ராடு, ஸ்டீரிங் லிங்க், ஸ்பிரிங் பட்டை ஷாக்கிள், ஆக்ஸில் எதுலயும் கட்டாதீங்க. இழுக்கிற வண்டியில பின்பக்கம் கிராஸ் மெம்பர்ல இருக்கிற ஹூக். டெயில்கேட்டுக்குக் கீழ குறுக்க ஒரு கம்பி இருக்கே, பைக்கு கார் அடியில போயிராம இருக்கப் போட்டது, அதைப் பார்த்ததும் எல்லாருக்கும் கை அங்கதான் போகும். அது பின்னால இருந்து வர்ற இடியைத் தாங்க வச்சது, பின்னால இழுக்கிறதைத் தாங்க வச்சது இல்லை.

முன் வண்டியில இடப்பக்க ஹூக், பின் வண்டியில வலப்பக்க ஹூக்னு குறுக்க மாட்டாதீங்க, ரெண்டு வண்டியும் கோணிக்கிட்டுப் போகும். பட்டையோட நடுவுல ஒரு ஈரச் சாக்கை மடிச்சுப் போட்டுக் கட்டிவிடுங்க. அறுந்தா பட்டை பறக்காம சாக்கோட எடையில கீழ விழும்.

வக்கீல்_குமாஸ்தா_மதுரை:
போலீஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழுதான வண்டியைக் கட்டி இழுப்பது குற்றமல்ல, ஆனால் கட்டுப்பாடு உண்டு. 2017 வரை நடைமுறையில் இருந்த 1989 சாலை விதிகள் தெளிவாகவே சொல்லியிருந்தன: இயந்திரப் பழுதான வண்டியைப் பக்கத்தில் உள்ள பட்டறைக்கோ எரிபொருள் நிலையத்துக்கோ இழுத்துச் செல்லலாம். இழுபடும் வண்டியின் ஸ்டீரிங்கில், அந்த வண்டியை ஓட்டும் உரிமம் உள்ள ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு வண்டிகளுக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. கயிறோ சங்கிலியோ மற்றவர்கள் கண்ணுக்கு நன்றாகத் தெரிய வேண்டும். இழுபடும் வண்டியின் பின்னால் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தில் 'ஆன் டோ' என்று ஆங்கிலத்தில், 75 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையாமல் எழுதி மாட்ட வேண்டும். வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இவையெல்லாம் அந்த விதிகளில் இருந்தவை. 2017-இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய ஓட்டுதல் ஒழுங்குமுறை வந்துவிட்டது என்றாலும் ரோட்டில் நிறுத்திக் கேட்கிறவர்கள் பார்ப்பது இவற்றைத்தான்: பின்னால் லைசென்ஸ் உள்ள ஆள் இருக்கிறாரா, பலகை இருக்கிறதா, இடைவெளி எவ்வளவு.

பலர் கவனிக்காத ஒன்று இன்சூரன்ஸ். சரக்கு வண்டிகளுக்கான வழக்கமான பேக்கேஜ் பாலிசியில், பழுதான ஒரு வண்டியை இழுக்கும்போதும் பாலிசி செல்லும் என்று ஒரு பத்தி இருக்கும். அதிலேயே இரண்டு நிபந்தனை. கூலி வாங்கிக்கொண்டு இழுக்கக் கூடாது. இழுபடும் வண்டிக்கும் அதில் உள்ள பொருளுக்கும் ஏற்படும் சேதத்துக்கு இழுக்கும் வண்டியின் கம்பெனி பொறுப்பேற்காது. இது உங்கள் சொந்த வண்டி என்பதால் கூலிக் கேள்வி வராது. ஆனால் டீசல் காசு வாங்கிக்கொண்டு ஊருக்கெல்லாம் இழுத்துத் தருகிற பழக்கம் உள்ளவர்கள் பாலிசியை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள்.

உசிலை_பூவண்டி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிண்ணே. பெல்ட் வாங்கச் சொல்லிட்டேன். பின் வண்டியில எங்க வீட்டுல வேலை பார்க்கிற சின்னப் பையனை உட்கார வச்சுட்டு, நானும் சித்தப்பா மகனும் முன் வண்டியில போகலாம்னு இருக்கோம். பையனுக்கு லைசென்ஸ் இருக்கு. ஸ்டீரிங்கை நேரா பிடிச்சா போதும்தானே?

கம்பம்_லைன்_டிரைவர்:
இதுவரைக்கும் படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், இந்த வரியைப் பார்த்ததும் எழுதாம இருக்க முடியல. தம்பி, தயவுசெய்து அந்தப் பையனைப் பின்னால உட்கார வைக்காதீங்க. உங்க ரெண்டு பேர்ல யாருக்குக் கை நல்லா வருமோ, யாருக்குப் பதட்டம் வராதோ, அவர்தான் பின்னால உட்காரணும். முன்னால இருக்கிறவர் செய்யிறது ஒண்ணே ஒண்ணுதான், பைய இழுக்கிறது. மத்தது எல்லாம் பின்னால இருக்கிறவர் கால்லதான் இருக்கு.

கயிறு தொய்யவே கூடாது. தொய்வு விழுந்தா ரெண்டு ஆபத்து. தொய்ஞ்ச பெல்ட்டு மேல முன் டயர் ஏறிரும். இல்லைன்னா முன் வண்டி மறுபடி இழுக்கும்போது வெட்டி இழுக்கும், அந்த வெட்டுலதான் அறுகும். இந்தத் தொய்வை எடுக்கிறது முன் வண்டியால முடியாது. முன் வண்டி வேகம் குறையப்போகுதுன்னு தெரிஞ்ச உடனே பின் வண்டிதான் முதல்ல மெல்ல பிரேக் பிடிக்கணும். அதாவது ரெண்டு வண்டிக்கும் சேர்த்துப் பின் வண்டிதான் பிரேக் போடணும். முன் வண்டி பிரேக் லைட்டைப் பார்த்து நீங்க மிதிச்சா லேட்டு, அஞ்சு மீட்டர்ல என்ன நேரம் கிடைக்கும்? முன் வண்டியைத் தாண்டி அதுக்கு முன்னால இருக்கிற ரோட்டைப் பார்க்கணும். அதுக்காகக் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கி, முன் வண்டியோட பக்கவாட்டுல ரோடு தெரியிற மாதிரி பிடிச்சுக்கிட்டு வரணும். ஸ்பீடு பிரேக்கர் தெரியுது, பஸ் ஸ்டாப்புல பஸ் ஒதுங்குது, குறுக்க ஆடு வருது, எல்லாத்தையும் பின்னால இருக்கிறவர் முன்கூட்டியே கணிச்சு பிரேக்கைத் தடவிக்கிட்டே வரணும். சின்னப் பையனுக்கு இது வராது. அவனைக் குறை சொல்லல, அவனுக்கு இன்னும் அந்த ரோடு மனப்பாடம் ஆகியிருக்காது.

புறப்படும்போது முன் வண்டி முதல் கியர்ல, அரை கிளட்ச்ல ஊர்ந்து பெல்ட் தரையை விட்டு எழும்பி நேரா நிக்கிற வரைக்கும் போகணும். அங்க ஒரு நொடி நிறுத்தி, அப்புறம் இழுக்கணும். நிக்கிற இடத்துல இருந்து ஒரே மூச்சுல எடுத்தா பாதி கயிறு அங்கேயே போகும். ரெண்டாவது கியர், மிஞ்சிப் போனா மூணாவது. அதுக்கு மேல போகாதீங்க.

சாவி விஷயம். பின் வண்டி சாவி ஆன்ல இருக்கணும், எடுத்துரக் கூடாது. எடுத்தா ஸ்டீரிங் லாக் விழுந்துரும். இன்ஜின் ஓடுறதால உங்களுக்கு இந்தப் பிரச்சனை இல்லை, ஆனா படிக்கிற மத்தவங்களுக்காகச் சொல்றேன். பின்பக்க டிரே மேல யாரும் உட்கார வேணாம். இழுக்கும்போது ரெண்டு வண்டிக்கும் நடுவுல யாரும் குறுக்க நடக்கவும் கூடாது, நிக்கும்போதும்தான்.

வாடிப்பட்டி_ஏஸ்:
ரெண்டு வண்டிக்கும் பேச போன்ல ஸ்பீக்கர் போட்டுக்கலாமா?

கம்பம்_லைன்_டிரைவர்:
ஓட்டுறவர் கையில போன் வேணாம். உசிலைத் தம்பி, உங்க வீட்டுல வேலை பார்க்கிற பையன் இருக்கானே, அவனைப் பின் வண்டியில பக்கத்துல உட்கார வையுங்க, முன் வண்டியில சித்தப்பா மகன்கூட ஒரு ஆளு. அவங்க ரெண்டு பேரும் போனைப் பிடிச்சுக்கட்டும். அதோட ஹாரன் கணக்கு ஒண்ணு முதல்லயே பேசிக்கணும்: பின்னால இருந்து ஒரு நீள ஹாரன் வந்தா, என்ன ஏதுன்னு கேட்காம ஓரங்கட்டணும். போன் கட் ஆகும், ஹாரன் கட் ஆகாது.

நாகமலை_வாசி:
எங்க ரோடுங்கிறதால நேரம் மட்டும் சொல்றேன். காலையில ஏழரையிலிருந்து ஒன்பதரை வரைக்கும் பல்கலைக்கழக வாசல்ல காலேஜ் பஸ்ஸும் டவுன் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் அடைச்சிக்கிட்டு நிக்கும். விடியுறதுக்கு முன்னால பூ வண்டியும் காய்கறி வண்டியும் பறந்துக்கிட்டு வரும், அவங்களுக்கு மார்க்கெட் நேரம், உங்களுக்குப் பின்னால பொறுமையா வர மாட்டாங்க. பதினொரு மணிக்கு மேல ஒரு மணிக்குள்ள வச்சுக்கோங்க. ராத்திரி கண்டிப்பா வேணாம். இருட்டுல பைக்காரருக்கு ரெண்டு வண்டிதான் தெரியும், நடுவுல பெல்ட் தெரியாது. ஓவர்டேக் பண்ணும்போது நடுவுல நுழைஞ்சு பார்ப்பாங்க. பகல்லயே நுழைவாங்க. அதனால சிவப்புத் துணி நல்லா பெருசா ரெண்டு இடத்துல தொங்கவிடுங்க.

பழனியாண்டவர்_டயர்ஸ்:
எல்லாரும் எப்படி இழுக்கலாம்னு சொல்றீங்க, நான் இழுக்காதீங்கன்னு சொல்ல வந்தேன். டயர் கடை வச்சிருக்கேன், கயிறு கட்டி வர்ற வண்டி நிறைய பார்க்கிறேன். முன் ஹூக் வளைஞ்சு வரும், பம்பர் பிஞ்சு வரும், ஒரு தடவை ஹூக் தெறிச்சு முன் வண்டியோட கேபின் கண்ணாடியை உடைச்சிட்டு வந்தது. நல்ல வேளையா உள்ள இருந்தவர் தலை குனிஞ்சிருந்தார். ரெக்கவரி வாடகை வலிக்கும்தான். ஆனா பிரேக் போன வண்டி, ஸ்டீரிங் போன வண்டி, முன் சக்கரம் உட்கார்ந்த வண்டி, இதுகளைக் கயிறுல இழுக்கவே கூடாது. டோல் இருக்கிற நெடுஞ்சாலையில நின்னுட்டா 1033-க்கு போன் பண்ணுங்க, கிரேன் வரும். குறைஞ்சது ஆபத்தான இடத்துல இருந்து ஓரமான இடத்துக்காவது கொண்டுபோய் விடுவாங்க.

மேலூர்_ஒர்க்‌ஷாப்:
அண்ணன் சொல்றதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பிரேக் போன வண்டிக்கு ரெண்டு வண்டியையும் இணைக்கிற இரும்புக் கம்பி, அதாவது டோ பார்தான், அதுவும் ரொம்பக் கொஞ்ச தூரத்துக்கு. பார் இருந்தா பின் வண்டி முன் வண்டி மேல முட்டாது, ஆனா அப்ப முன் வண்டி பிரேக் ரெண்டு வண்டி எடையையும் தாங்கணும். இந்தத் தம்பி வண்டியில பிரேக்கும் ஸ்டீரிங்கும் முழுசா இருக்கு, லோடு இல்லை, ரோடு சமதளம், தூரம் குறைவு. இந்த நாலும் சேர்ந்து இருக்கிறதாலதான் நான் சரின்னு சொன்னேன். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் நான் வேற பதில் சொல்லியிருப்பேன்.

உசிலை_பூவண்டி:
அண்ணே, வண்டி ஒர்க்‌ஷாப் சேர்ந்துருச்சு. நீங்க சொன்ன மாதிரி நான்தான் பின்னால உட்கார்ந்தேன். டிரே எல்லாத்தையும் பூ வண்டிக்கு மாத்திட்டோம், பின் வண்டி காலியா, முன் வண்டி கொஞ்சம் கனமா இருக்கட்டும்னு. அட்டையில பலகை எழுதி டெயில்கேட்டுல கட்டினோம். ரெண்டு வண்டிக்கும் ஹசார்டு லைட்டு.

முதல்ல கிளம்பும்போது பெல்ட் தரையிலிருந்து மெல்ல எழும்பி, சாக்கு ரெண்டு ஆட்டம் ஆடி நின்னது. அதுக்கப்புறம் சாக்கைத்தான் பார்த்துக்கிட்டு வந்தேன். அது தாழ்ந்தா தொய்வு வருதுன்னு அர்த்தம், கால் தானா பிரேக்குக்குப் போயிருது. இன்ஜின் ஓடினதால பெடல் மெத்துன்னு இருந்தது. பல்கலைக்கழகம் தாண்டி ஒரு ஸ்பீடு பிரேக்கர்ல முன் வண்டி ஏறி இறங்கும்போதுதான் கஷ்டம்: முன் வண்டி இறங்கி நகருற நேரத்துல நம்ம முன் சக்கரம் மேட்டுல ஏறுது, பெல்ட் இறுகுது. அந்த இடத்துல சித்தப்பா மகன் நிக்கிற அளவுக்குக் குறைச்சுட்டான், அதனால வெட்டு இல்லாம ஏறி இறங்கிருச்சு. ஒரு பைக் நடுவுல நுழையப் பார்த்தது, பையன் கையை வெளிய நீட்டிக் கத்தினான், ஒதுங்கிட்டாங்க.

பிரிச்சுப் பார்த்துட்டு, பிளேட்டு ரிவெட் வரைக்கும் தேஞ்சிருக்கு, பிளைவீலும் நீலம் பாஞ்சிருக்கு, அதையும் கடைசல் குடுக்கணும்னு மெக்கானிக் சொல்லிட்டாரு.

போடி_ஏலக்காய்:
இந்த இழையை இப்பதான் பார்த்தேன். எனக்கு ஒரு சந்தேகம். எங்க வண்டி தேனியில நிக்குது, இன்ஜின் ஸ்டார்ட்டே ஆகல. மதுரைக்கு இதே மாதிரி கட்டி இழுத்து வரலாமா? இல்லை, இழுத்துக்கிட்டே கியர்ல விட்டு ஸ்டார்ட் பண்ணலாமா?

கம்பம்_லைன்_டிரைவர்:
ரெண்டுமே வேணாங்க. நடுவுல ஆண்டிபட்டி கணவாய் இருக்கு. இன்ஜின் ஓடாம, வேக்குவம் இல்லாத பிரேக்கோட, அந்த இறக்கத்துல கயிறுல வர்ற வண்டி முன் வண்டி மேலதான் வந்து நிக்கும். கயிறால இழுத்து ஸ்டார்ட் பண்றதும் அதைவிட மோசம். இன்ஜின் பிடிச்ச நொடியில வண்டி முன்னால குதிக்கும், அஞ்சு மீட்டர் தள்ளி முன் வண்டி நிக்குது. ஆளு வச்சுத் தள்ளி ஸ்டார்ட் பண்றது வேற, கயிறுல இழுத்து ஸ்டார்ட் பண்றது வேற.

மேலூர்_ஒர்க்‌ஷாப்:
தூரத்துக்குன்னா வண்டியை மேல ஏத்திக்கிட்டுப் போற பிளாட்பெட் தான் சரி. அது கிடைக்காம, முன் சக்கரத்தைத் தூக்கி இழுக்கிற கிரேன்தான் வருதுன்னா, பின் சக்கரம் ரோட்டுல சுத்திக்கிட்டு வரும். அப்ப ஆக்ஸில் பக்கம் இருக்கிற நாலு போல்ட்டைக் கழட்டி ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிரிச்சு, கம்பி போட்டு மேல சேஸிஸோட கட்டிரச் சொல்லுங்க. இன்ஜின் ஓடாத கியர்பாக்ஸ் அத்தனை தூரம் ஆயில் இல்லாம சுத்தினா, பழுதுக்குப் போற வண்டி ரெண்டு பழுதோட வந்து சேரும். பிரிக்கிறதுக்கு முன்னால ரெண்டு பிளாஞ்சுலயும் (ஷாஃப்டும் ஆக்ஸிலும் போல்ட்டுல சேருற தட்டு) சேர்ந்தாப்புல ஒரு பெயிண்ட் கோடு போட்டுக்கோங்க, திரும்ப மாட்டும்போது அதே நிலையில மாட்டினாத்தான் அதிர்வு வராது. ஃபோர் வீல் டிரைவ் வண்டியா இருந்தா இது போதாது, முன்பக்க ஷாஃப்டையும் பார்க்கணும். எந்த வண்டி, எந்த வருச மாடல்னு போடுங்க, பார்த்துச் சொல்றேன்.